கல்விச் சோலை: முட்டையா, கல்லா?

 

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தை அடுத்த ஓர் ஏரியில் மண் எடுத்தபோது, உருண்டை உருண்டையாகச் சில பெருங்கற்கள் வெளிப்பட்டன. பார்வைக்கு அவை முட்டையை ஒத்திருந்தன. ‘டைனோசர் முட்டை கிடைத்துவிட்டது’ என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. கைப்பேசி வழியாகப் படங்கள் கடல் கடந்தும் சென்றன. சில நாட்களுக்குள் புவியியல் அறிந்தோர் அவை முட்டைகள் அல்ல என்றும், ‘அம்மோனைட்’ என்னும் பண்டைக் கடல்வாழ் உயிரினம் சார்ந்த படிவுகள் என்றும் விளக்கம் அளித்தனர். பேச்சு அடங்கிவிட்டது.

அப்பொழுது கொரோனா காரணமாகப் பள்ளிகள் மூடிக் கிடந்தன என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். ஆகவே, “அத்தா, இது மெய்யாகவே டைனோசர் முட்டைதானா?” என்ற கேள்வி முதலில் பெற்றோரிடம் வந்திருக்கும். பள்ளி திறந்த பின்னர் அதே கேள்வி அறிவியல் ஆசிரியரிடம் போயிருக்கும். அவர் என்ன விடை கூறியிருப்பார்? இந்தத் திங்கள் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் அதுதான்.

மக்கள் அப்படி நம்பியதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 2009ஆம் ஆண்டில் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைத் தொகுதிகளைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களே அறிவித்தார்கள்; நாளிதழ்கள் அதைப் பெரிதாக வெளியிட்டன. அரியலூரை அடுத்த கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்ததாக அறிஞர்கள் எழுதியுள்ளனர். பத்தாண்டுகளுக்கு முன்னர் படித்த செய்தியை நினைவில் வைத்திருந்த ஒருவர், ஏரியில் உருண்டைக் கல்லைக் கண்டதும் முட்டை என்று கருதினால் அதில் வியப்பென்ன? அவருடைய எண்ணத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைப் புரிந்துகொள்ளாத ஆசிரியர், ‘அது தவறு’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதையும் கற்பித்துவிட முடியாது.

இங்கே என் சொந்தக் குறை ஒன்றையும் கூறிவிடுகின்றேன். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அந்தப் பகுதிப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். வேதியியலில் முதுகலைப் பட்டம். முதல் வகுப்பு வேறு. அந்தப் பெருமிதம் தலையில் ஏறியிருந்த வயது. எட்டாம் வகுப்பில் அமிலம், காரம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினான். ஆட்டுக்கிடாயின் கொம்பைப் போலச் சுருண்டு, வரிவரியாக இருந்தது. “சார், இது என்னங்க சார்?” என்றான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று கூறவும் நாணம். “பாட நேரத்தில் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து நீட்டாதே, வெளியே போட்டுவிட்டு வா” என்றேன். அவன் போட்டுவிட்டு வந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு எதையும் கொண்டுவரவில்லை. எதையும் கேட்கவும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அதே சுருளைக் கண்டேன். அருகில் ‘அம்மோனைட்’ என்று எழுதியிருந்தது. அதன் முன்னால் சற்று நேரம் நின்றுகொண்டிருந்தேன். அன்று நான் நடத்திய பாடம் அமிலம் அல்லவா? அந்தக் கல்லின் மேல் எலுமிச்சைச் சாற்றையோ சிறிதளவு நீர்த்த அமிலத்தையோ விட்டிருந்தால், அதிலுள்ள சுண்ணாம்பு நுரைத்துக் கரியமில வாயுவை வெளியிட்டிருக்கக்கூடும். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சமன்பாடு அந்தப் பையனின் உள்ளங்கையில் இருந்தது. எனக்கு வேதியியல் தெரியும். அதை அந்த ஊரில், அந்தப் பிள்ளைக்குக் கற்பிக்கத் தெரியவில்லை.

பொருளை அறிவதும் அதைக் கற்பிக்க அறிவதும் வேறுவேறா என்று நீங்கள் கேட்கலாம். நீண்ட காலமாக உலகம் இந்த வினாவில் ஒரு பக்கம் அல்லது மறு பக்கம் சாய்ந்தே நின்றிருக்கிறது. பொருளை ஐயமறக் கற்றவன் தானே நன்றாகக் கற்பிப்பான் என்பது ஒரு சாரார் கொள்கை. குழந்தை உளவியலும் வகுப்பை நடத்தும் முறையும் தெரிந்தால் எந்தப் பாடத்தையும் நடத்திவிடலாம் என்பது மறுசாரார் கொள்கை. அமெரிக்கக் கல்வியறிஞர் லீ ஷுல்மன் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த இரண்டையும் எடுத்து ஆராய்ந்தார். கலிஃபோர்னியாவில் 1875ஆம் ஆண்டில் ஆசிரியர்களுக்கு நடந்த தேர்வுத்தாளை அவர் தேடி எடுத்தார். மொத்தம் 1000 மதிப்பெண்கள். கற்பிக்கும் முறை பற்றிய பகுதிக்கு 50 மட்டுமே. மற்றவை யாவும் பாடப்பொருள். நூறாண்டு கழித்து, அவர் காலத்துத் தேர்வுகளைப் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருந்தது. கற்பிக்கும் முறை பற்றியே வினாக்கள் நிறைந்திருந்தன, பாடப்பொருள் ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது.

ஷுல்மன் எழுப்பிய கேள்வி எளியது. ஒரு பாடத்தில் பிள்ளைகளுக்கு எது கடினம், அது ஏன் கடினம், அவர்கள் என்ன தவறான எண்ணத்தோடு வகுப்புக்குள் நுழைகிறார்கள், அதைக் களைய எந்த உவமை, எந்தச் சோதனை, எந்தக் கேள்வி உதவும் என்பவை எந்த அறிவில் அடங்கும்? பொருளறிவுக்கும் முறையறிவுக்கும் நடுவே, இரண்டும் கலந்த தனி அறிவு ஒன்று உண்டு என்று அவர் நிறுவினார். ‘கற்பித்தல்சார் பாடப்பொருளறிவு’ என்று அதனை நாம் தமிழில் வழங்கலாம். பெயர் நீளமாக இருக்கிறது. பொருள் நம் வீட்டுப் பெண்களுக்கு நன்கு தெரிந்ததே. அரிசியைப் பற்றிய அறிவு வேறு, அடுப்பைப் பற்றிய அறிவு வேறு. இந்த அரிசிக்கு இந்த அடுப்பில் எவ்வளவு நீர் வைக்க வேண்டும் என்பது பலமுறை குழைந்தும் வேகாமலும் போன பின்னர்க் கைக்கு வந்து சேரும் மூன்றாவது அறிவு.

தமிழகத்தில் 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடக்கிறது. பட்டதாரி ஆசிரியர்க்கான இரண்டாம் தாளில் மொத்தம் 150 மதிப்பெண்கள். கணிதம், அறிவியல் எடுப்போர்க்கு அவ்விரு பாடங்களும் சேர்ந்து 60. குழந்தை வளர்ச்சியும் கற்பிக்கும் முறையும் 30. எஞ்சியவை தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும். அங்கும் பொருள் ஒரு பக்கம், முறை மறு பக்கம் எனத் தனித்தனிப் பகுதிகளாகவே நிற்கின்றன. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் தேர்வில் அந்த மூன்றாவது அறிவை அளப்பது கடினந்தான். அதற்காக அதை நடத்துவோரைக் குறை கூறுவதற்கில்லை.

பெரம்பலூரில் அதிகம் விளைவன மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம், “மக்காச்சோளச் செடிக்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகம் மனப்பாடமாக இருந்தால் ‘ஒளிச்சேர்க்கை’ என்று கூறும். சற்று மாற்றி, “ஆளுயரம் வளர்ந்த தட்டையின் எடை எங்கிருந்து வந்தது?” என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும் என்றே கூறுவார்கள். பட்டம் பெற்ற பெரியவர்களிலும் அவ்வாறு கூறுவோர் உண்டு. தந்தை கொல்லையில் யூரியாவை அள்ளி இடுவதையும், இட்ட பின் பயிர் கருகருவென எழுவதையும் கண்ணால் கண்ட பிள்ளை வேறெப்படிக் கூறும்?

இந்த இடத்தில் ‘தவறு, உட்கார்’ என்று கூறும் ஆசிரியர் என்ன செய்துவிடுகிறார் தெரியுமா? தேர்வுக்கு ஒரு உண்மை, கொல்லைக்கு ஒரு உண்மை என்று பிள்ளையின் மனத்தில் இரண்டு பெட்டிகளை வைத்துவிடுகிறார். பின்னர் அவை ஒன்றையொன்று தொடுவதேயில்லை. நுட்பம் அறிந்த ஆசிரியரோ பிள்ளையின் விடையை அப்படியே ஏற்றுக்கொண்டு, “சரி, மண்தான் செடியாக மாறுகிறது என்றால் ஆண்டுதோறும் கொல்லை பள்ளமாகிக்கொண்டே போக வேண்டுமே, போகிறதா?” என்று கேட்பார். வகுப்பு விழித்துக்கொள்ளும். அப்போது ஃபான் ஹெல்மான்ட் என்பவரின் சோதனையைக் கூறலாம். பெல்ஜிய நாட்டவரான அவர், 200 ராத்தல் உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள அலரி வகை மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் வார்த்து வந்தார். முடிவில் மரம் 169 ராத்தல். மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்சு. அவருடைய மறைவுக்குப் பின் 1648இல் இது நூலில் வெளிவந்தது. மரத்தின் எடை முழுவதும் நீரிலிருந்து வந்ததாக அவர் முடிவு செய்தார். அதுவும் தவறு, பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தது. அறிஞர் ஒருவரே பாதி வழி வந்து நின்றுவிட்டார் என்று கேட்கும்போது பிள்ளைக்குத் தன் தவறு குறித்த வெட்கம் நீங்கிவிடுகிறது.

அப்படியானால் உரம் எதற்கு என்ற கேள்வி உடனே எழும், எழ வேண்டும். குழம்புக்கு உப்புப் போல என்று கூறலாம். சிறிதளவே வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. ஆனால் உப்பு சுவைக்காக இடுவது. தழைச்சத்தோ செடியின் உடலிலேயே சேர்ந்துவிடுவது. ஓர் உவமை எதுவரை உதவும், எந்த இடத்தில் வழுக்கும் என்பதை அறிந்திருப்பதும் அந்த மூன்றாவது அறிவின் ஒரு பகுதிதான். பட்டப்படிப்பில் எந்தப் பேராசிரியரும் எனக்கு இதைக் கூறியதில்லை. சொல்லியிருந்தாலும் அன்று விளங்கியிருக்காது.

பாடம் நடத்துவோர் அறிவியலின் வரலாற்றைக் கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம். நம் முன்னோர் பெருமை பேசும்போது இப்னுல் ஹைதமின் பெயரைத் தவறாமல் கூறுகிறோம். கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலை இயற்றியவர். அவருக்கு முன்னர் யூக்ளிடும் தாலமியும் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று கருதினார்கள். இப்னுல் ஹைதம் இதை மறுத்தார். கடும் ஒளியை நோக்கினால் கண் வலிப்பதையும், கண்ணை மூடிய பின்னும் அதன் சாயல் தங்குவதையும் எடுத்துக்காட்டி, ஒளியே கண்ணுக்கு வருகிறது என்று நிறுவினார். இருட்டறையில் சிறு துளை வழியாக ஒளி நுழைவதையும் ஆராய்ந்தார்.

மேடைகளில் நாம் இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். ஆசிரியருக்குப் பயன்படும் பகுதி இனிமேல்தான் இருக்கிறது. யூக்ளிடின் எண்ணம் இன்றும் நம் வகுப்பறையில் உயிரோடு இருக்கிறது! நாம் பொருளைப் பார்ப்பது எவ்வாறு என்று படம் வரையச் சொன்னால், கண்ணிலிருந்து பொருளை நோக்கி அம்புக்குறி போடும் பிள்ளைகள் வகுப்புதோறும் இருப்பார்கள். ‘பார்வையைச் செலுத்தினான்’ என்று நாம் பேசும் மொழியே அந்த அம்புக்குறியைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு முன்னால் ஒளி விலகல் விதியை எழுதி என்ன பயன்? முதலில் அந்த அம்பைத் திருப்ப வேண்டும். செருப்பு வாங்கி வந்த அட்டைப் பெட்டி, ஓர் ஊசி, எண்ணெய் தடவிய காகிதம் ஆகியவை போதும். இப்னுல் ஹைதமின் இருட்டறையைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்துவிடுவார்கள்.

குன்னத்துக் கல்லுக்கு மீண்டும் வருவோம். அதைக் கொண்டுவரும் பிள்ளையின் மனத்தில் ஓடுவது இதுதான்: வடிவம் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று. இதை அறிந்த ஆசிரியர் மேசையில் ஒரு கோழிமுட்டை, ஓர் உருளைக்கிழங்கு, வெள்ளாற்றில் பொறுக்கிய கூழாங்கல் ஆகியவற்றை அந்தக் கல்லோடு சேர்த்து வைப்பார். வடிவத்தைத் தவிர வேறு எதைப் பார்த்து முட்டையை அறிவது என்று கேட்பார். ஓடு மெல்லியது என்று ஒரு பிள்ளை கூறும். ஓட்டில் நுண்ணிய துளைகள் இருக்குமாமே என்று மற்றொன்று கூறும். உடைத்துப் பார்க்கலாம் என்று மூன்றாவது துடிக்கும். அதன் பின்னர், கடலடிச் சேற்றில் புதைந்த ஒரு கூட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு முதலிய கனிமங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து படிந்து உருண்டை திரள்வதைக் கூறினால் அது மனத்தில் தங்கும். அம்மோனைட்டின் உறவினம் கணவாய் என்று சேர்த்துக் கூறிவிட்டால் போதும். நம் வீட்டுப் பிள்ளைகள் அதைச் சாப்பாட்டுத் தட்டிலேயே கண்டவர்கள் அல்லவா!

ஆனால், பெரம்பலூரில் கடல் எப்படி வந்தது? அரியலூரிலிருந்து கிழக்கே கடற்கரைக்கு இன்று சுமார் எண்பது கிலோமீட்டர் போக வேண்டும். பிள்ளைகள் நம்ப மறுக்கும் இடம் இதுவே. கல்லங்குறிச்சிப் பகுதிச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காகப் பதிந்திருப்பதையும், அந்தச் சுண்ணாம்பே சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள் என்பதையும் காட்டலாம். நாம் குடியிருக்கும் வீட்டின் சுவரில் பண்டைக் கடலின் சிப்பி கலந்திருக்கிறது என்று கூறினால் எந்தப் பிள்ளைதான் திரும்பிச் சுவரைப் பாராது? 1860களிலேயே பிளான்ஃபோர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் இப்பாறைகளை ஆராய்ந்து உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பிரிவுகளாக வகுத்தார். உலகெங்கும் அந்தத் துறையின் நூல்களில் நம் ஊர்ப் பெயர்கள் வழங்கப்படுகின்றன.

நிலமாக இருக்கும் இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்திருக்கும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டைப் பற்றி எழுதியவர் அல்பிரூனி. மலையடிவாரத்தில் பெரிய உருண்டைக் கற்கள், தள்ளிப் போகப் போகச் சிறு கற்கள், ஆறு மெதுவாகச் செல்லும் இடங்களில் மணல் என்று வட இந்தியச் சமவெளியில் கண்டதைக் கொண்டு, ஆறுகள் கொணர்ந்த மண்ணால் தூர்ந்த கடலே இச்சமவெளி என்று முடிவு செய்தார். கல்லின் அளவைப் பார்த்து நிலத்தின் கதையைப் படித்தார். லெப்பைக்குடிக்காட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளாறு பக்கத்திலேயே இருக்கிறது, அவர்களும் படிக்கலாம்.

கோடிக்கணக்கான ஆண்டுகள் என்ற பேச்சு வரும்போது, இது நம் மார்க்கத்துக்கு முரண் ஆகாதா என்று சில பெற்றோர் தயங்குவதை அறிவேன். மார்க்க விளக்கம் ஆலிம்களின் பணி. நான் அதில் புகவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று நோக்குமாறு நம் இறைமறை பணிப்பதை மட்டும் நினைவூட்டுகின்றேன். கேள்வி கேட்ட பிள்ளையை அதட்டி அடக்குவதைக் காட்டிலும், ஆசிரியரிடம் ஒன்றும் ஹஜ்ரத்திடம் ஒன்றுமாகக் கேட்டுவரச் சொல்வது நல்லது.

சரி, இந்த அறிவு ஆசிரியருக்கு எங்கிருந்து வரும்? 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது, பள்ளியில் பயிற்சி பெறும் வாரங்களும் கூடியுள்ளன. நல்லதே. ஆயினும் அதன் பெரும்பகுதி, பணியில் சேர்ந்த பின்னர்ப் பிள்ளைகளின் தவறுகளிலிருந்தும் உடன் பணியாற்றுவோரிடமிருந்துமே வருகிறது. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாறியுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா கிராம மையம் என்னும் இரு தொண்டு அமைப்புகள் அதைத் தொடங்கின. பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வு நிலையங்களிலிருந்தும் அறிஞர்கள் வந்து உதவினார்கள். 1982 முதல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் பொறுப்பேற்றது. கோடை விடுமுறையில் கிராமத்து ஆசிரியர்கள் கூடி, தாங்களே மாணவர்களாக அமர்ந்து ஒவ்வொரு சோதனையையும் செய்து பார்த்தார்கள். மாதந்தோறும் கூடி, எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வி எழுந்தது, எந்தச் சோதனை பொய்த்தது என்று பேசினார்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பாடநூலே திருத்தி எழுதப்பட்டது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம்! இருபதாண்டுகளில் அது சுமார் ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியது. 2002ஆம் ஆண்டில் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. நிறுத்தியதற்குக் கூறிய காரணங்கள் எனக்கு இன்றும் ஏற்புடையனவாகத் தோன்றவில்லை.

ஜப்பானிலும் நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவர், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று ஆசிரியரைப் பாராமல் பிள்ளைகளைக் கவனிப்பர், பின்னர் அமர்ந்து பேசிப் பாடத்தைத் திருத்துவர். இதற்குப் பணம் வேண்டியதில்லை. நேரம் வேண்டும், ஒருவர் வகுப்பில் மற்றவர் நுழைவதைக் குற்றங்காணும் செயலாகக் கருதாத மனமும் வேண்டும்.

இப்போது, வாசகர்களில் பள்ளி நிர்வாகத்தில் இருப்போரை நோக்கிச் சற்று உரக்கப் பேச விரும்புகின்றேன். நம் சமுதாயத்தவர் ஊர்தோறும் பள்ளிகள் கட்டியிருக்கிறீர்கள். பாலைவன வெயிலில் உழைத்து அனுப்பிய பணம் அந்தச் சுவர்களில் இருக்கிறது. அல்லாஹ் அதற்குரிய நற்கூலியை வழங்குவானாக. அண்மையில் ஒரு பள்ளியின் தாளாளர் தம் ஆய்வகத்தை எனக்குத் திறந்து காட்டினார். பூட்டைத் திறக்கவே சாவியைத் தேட வேண்டியிருந்தது. உள்ளே குடுவைகள் வாங்கிய காகிதத்துடன் அடுக்கியிருந்தன. அறிவியல் ஆசிரியை எவ்வளவு காலமாக இருக்கிறார் என்று கேட்டேன். “இந்த ஜூனில்தான் சேர்ந்தார், சென்ற ஆண்டு இருந்தவர் கூடுதல் சம்பளம் கிடைக்கிறதென்று போய்விட்டார், அதற்கு முந்தியவர் நிக்காஹ் ஆகி வெளியூர் சென்றுவிட்டார்” என்றார். இப்படி மூன்று ஆண்டுகளில் மூன்று ஆசிரியைகள்.

போனவர்கள் எதைக் கொண்டுபோனார்கள் என்று அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், எந்த உவமை அந்த ஊரில் எடுபடும், எந்தப் பிள்ளை கல் பொறுக்கும் பிள்ளை என்பதையெல்லாம் அவர்கள் ஓராண்டு பாடுபட்டுச் சேர்த்து, கையோடு எடுத்துச் சென்றுவிட்டார்கள். புதியவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். அவருக்கு அந்த அறிவு கைகூடும் நேரத்தில் அடுத்த ஜூன் வந்துவிடும். கட்டடம் நிற்கிறது, பள்ளி ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கிறது. பட்டதாரி ஆசிரியைக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தை இங்கே அச்சிட எனக்கு வெட்கமாக இருக்கிறது, கொடுப்பவர்களுக்குத் தெரியும். அடுத்த மாடி எழுப்பும் செலவில் ஒரு பகுதியை, மூன்றாண்டு தங்கும் ஆசிரியர்க்கு ஊதிய உயர்வாக வழங்கிப் பாருங்கள்.

ஆசிரியர் மாறுவதைத் தடுக்கவே முடியாத பள்ளிகளுக்கு மற்றொரு வழி கூறுகிறேன். பாடத்துக்கு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி வையுங்கள். பிள்ளைகள் கூறும் தவறான விடைகளை, பாடமும் தேதியும் இட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே ஆசிரியர் எழுதி வரட்டும். பிள்ளையின் பெயர் வேண்டாம். எது கேட்டபோது அல்லது எதைச் செய்து காட்டியபோது தெளிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதட்டும். அந்த ஏடு பள்ளியின் உடைமை. போகிறவர் வைத்துவிட்டுப் போக வேண்டும், வருகிறவர் முதலில் அதைப் படிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் கல்லை வெளியே போடச் சொன்ன பின்னர், காலம் கடந்து, நான் இப்படி ஓர் ஏட்டை எழுதத் தொடங்கினேன். அதன் முதல் பக்கத்தில் இருப்பது என் தவறு.

வாரத்தில் ஒரு பாடவேளை அறிவியல் ஆசிரியர்கள் அனைவர்க்கும் ஒருசேர ஓய்வாக அமையும்படி கால அட்டவணையைப் போட்டுக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பிள்ளைகளை அழைத்துச் செல்லும் முன்னர், ஆசிரியர்கள் மட்டும் ஒரு வேன் எடுத்துக்கொண்டு ஒரு நாள் சுற்றி வரட்டும். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940ஆம் ஆண்டில் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தார், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர். பதினெட்டு மீட்டர் நீளம். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்று அத்துறை மதிப்பிட்டுள்ளது. காரை, கொளக்காநத்தம் பக்கம் மழைநீர் அரித்த செம்மண் மேடுகளில் நடந்தால் காலடியிலேயே கடல் கிடக்கும். பார்க்கலாம், வாரிக்கொண்டு வரக்கூடாது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது.

வாசகர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை அண்மையில் கேட்டு, உங்களால் விடை கூற முடியாமற்போன ஓர் அறிவியல் கேள்வியை ஓர் அஞ்சலட்டையில் எழுதி, ‘கல்விச் சோலை’ எனக் குறிப்பிட்டு இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். ஆசிரியர்களாக இருப்போர் தாம் கேட்ட தவறான விடைகளை எழுதுங்கள். மின்விளக்கு எரியும்போது மின்சாரம் தீர்ந்துபோகிறது என்று எண்ணும் பிள்ளைகளைப் பற்றி இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் பேசுவோம்.

வஸ்ஸலாம்.